எந்தக் கதவு

ஜூன் 12

அண்ணாவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உட்கார்ந்து, அண்ணியிடம் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படியுங்கள். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பம்ப் ஹவுஸ் உங்கள் காதைத் தின்ற பிறகு, நான் இங்கே கத்த, நீங்கள் அங்கே "என்ன, என்ன" என்று கேட்க, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பதினோரு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேறிவிட்டார்கள். போன வருஷப் பரீட்சையில் 'போரின் காரணங்கள் ஐந்து' என்ற கேள்விக்கு நாற்பது பேரும் ஒரே ஐந்து காரணங்களை ஒரே வரிசையில் எழுதியிருந்தார்கள். மூன்றாவது காரணத்தில் நாற்பது பேருக்கும் ஒரே எழுத்துப்பிழை. அந்தப் பிழை நான் எழுதிக் கொடுத்த நோட்ஸில் இருந்தது. விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு, இந்த வேலையை இனி இப்படிச் செய்வதில்லை என்று முடிவு செய்தேன்.

இந்த வருஷம் வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு குழுவும் இந்த ஊரில் நடந்த ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், தானே தேட வேண்டும், அதை வைத்துத் தானே எதையாவது உருவாக்க வேண்டும். நாடகமோ, பத்திரிகையோ, மாதிரியோ, அவர்கள் இஷ்டம். கரும்பலகையின் மூலையில் கட்டம் போட்டு எழுதினேன்: 'டீச்சர் உதவலாம். தலையிடக் கூடாது.' தலைமையாசிரியைக்கு அரை மனசு. "நாப்பது பிள்ளைங்க, நாப்பது கத்தரிக்கோலு. ஏதாவது ஆச்சுன்னா நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுவேன்" என்றார்.

நான்காவது குழு தேர்ந்தெடுத்த தலைப்பு, 'ஏரித் தண்ணீர் கடைத்தெருவுக்கு வந்த நாள்'. நாடகம் போடப் போகிறார்களாம்.

ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் யாராவது எதையாவது கொட்டினால், உடைத்தால், "மதகுக்காரன் வேலை பாக்காதே" என்கிறார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் திட்டிக்கொள்கிறார்கள். அந்த மதகுக்காரன் யார், என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அந்த மதகுக்காரனின் தங்கைதான் பலகை முன்னால் நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பா அம்மா போன பிறகு, நாம் இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

இருபத்தொன்பது வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் இரண்டு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இப்போது நாற்பது பேர் பேசப் போகிறார்கள். நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

தங்கை

*

ஜூன் 21

கீச்சு,

டீ குடித்தேன். நிறுத்து.

அண்ணி நலம். மூன்றாவது மோட்டாரில் சத்தம் வருகிறது. எனக்கே கேட்கிறது என்றால் எப்படிப்பட்ட சத்தம் என்று நீயே பார்த்துக்கொள். பிரித்துப் போட்டிருக்கிறேன், அதனால் கடிதம் தாமதம்.

பிள்ளைகள் கேட்பதில் தப்பு இல்லை. ஆனால் தேட என்ன இருக்கிறது? விசாரணை நடந்தது. மதகுக் கதவை நான் திறந்தேன் என்று எழுதினார்கள். வேலை போனது. ஊரை விட்டு வந்தேன். இதில் நாடகம் போட என்ன இருக்கிறது? என் பேர் ஊரில் ஒரு வசவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். வசவுக்காவது உபயோகப்படுகிறது.

உனக்குத் தெரியாததா? நீ பார்த்ததை நீ சொன்னாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, அண்ணியிடம்கூட. ஆனால் அதை நீயே இப்போது மேடையில் ஏற்றப் போகிறாய் என்றால்

வேண்டாம். இதற்கு மேல் எழுதினால் எதையாவது எழுதிவிடுவேன்.

அண்ணன்

*

ஜூன் 28

அண்ணா,

நான் என்ன சொன்னேன்? யாரிடம் சொன்னேன்? எதைப் பார்த்தேன்?

உங்கள் கடிதத்தை ஆறு தடவை படித்துவிட்டேன். கல்லுளிமங்கன் மாதிரி பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். 'அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை' என்றால், மனதுக்குள் ஒரு குறை இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அது என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தத்தான் போனேன். நேரடியாகச் சொல்லத் தைரியம் இல்லாமல், நான்காவது குழுவிடம் போய், "அந்த நாடகத்துக்குப் பதிலா, முதல் பஸ் வந்த கதையை எடுத்தா என்ன? படம் வரைய நல்லா இருக்கும்" என்று தேனாகப் பேசினேன். அந்தக் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று கேள்வி கேட்பதால் வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். அவள் எழுந்து, கரும்பலகையின் மூலையைக் காட்டி, "டீச்சர், இது உதவியா, தலையீடா?" என்று கேட்டாள். என் மூக்கு உடைந்ததை நாற்பது பேரும் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். மதகுக்காரன் என் அண்ணன்.

அந்தக் குழுவில் இன்னொருவன், எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பான், அதனால் பேரே கடைசிப் பக்கம். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. முந்தின நாள்தான் மை பாட்டிலைத் தட்டிவிட்ட ஒருவனை அந்த வார்த்தையால் திட்டியிருந்தான். வக்கீல் சொன்னாள்: "நிறுத்தணும்னா நிறுத்திடறோம் டீச்சர். ஆனா நாங்க நிறுத்திட்டா, ஊர் சொல்றது மட்டும்தான் மிச்சம் இருக்கும்."

அண்ணா, அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். நான் நிறுத்தவில்லை.

அதோடு விட்டார்களா? "நீங்க இனிமே எங்க குழுப் பக்கம் வரக் கூடாது டீச்சர். நீங்க ஒரு கட்சி" என்று என்னையே வெளியே அனுப்பிவிட்டாள். என் வகுப்பில் நானே வாசலில் நிற்கிறேன். நூலகத்தில் பழைய விசாரணை அறிக்கையைத் தேடிப் பிடித்து நகல் எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். நான் அந்தப் பக்கம் போனால் அதன்மேல் புத்தகப் பையை வைத்து மறைக்கிறார்கள்.

பதில் எழுதுங்கள். பாதியில் நிறுத்தாமல் எழுதுங்கள்.

தங்கை

*

ஜூலை 7

கீச்சு,

நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதானே. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். உனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மறந்துவிட்டாய் என்கிறாய். சரி, மறந்திருப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை.

விசாரணை அறையில் நீளமான மேஜை. நான் நின்றேன். அவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு சாட்சிகள் சொன்னதையும் வாசித்தார்கள். ஆறு பேரும் கடைக்காரர்கள், தண்ணீர் வந்ததைத்தான் பார்த்தார்கள், ஏரிப் பக்கமே வராதவர்கள். எனக்குப் பயம் இல்லை. பிறகு ஏழாவது. 'வயது ஒன்பது. மதகுக் காவலரின் தங்கை. என் அண்ணன்தான் கதவைத் திறந்தார்.' வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கூடப் பிறந்தவளே சொல்றா. இதுக்கு மேல உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இதுதான் நீ சொன்னது. பாதியில் நிறுத்தவில்லை. போதுமா?

அண்ணன்

*

ஜூலை 16

அண்ணா,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன், வரலாற்று டீச்சருக்கு அதுவாவது வர வேண்டும்.

உங்கள் கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் நின்றபடி படித்தேன். நான் சொன்னேனா? என் வாயால் உங்கள் வேலையைப் பறித்தேனா? நினைவில் தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன், ஏரி வரவே இல்லை. அப்போது கடைசிப் பக்கம் வாசலில் வந்து நின்றான். "டீச்சர், எங்க குழு உங்களை சாட்சியாக் கூப்பிடுது" என்றான்.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எட்டுப் பேரும் எதிரே. கடைசிப் பக்கம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டான். வக்கீல் கேட்டாள்: "அன்னைக்கு நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. கேள்விப்பட்டது வேண்டாம்."

எனக்கு நினைவிருப்பதைச் சொன்னேன். அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குக் காய்ச்சல். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். மூன்று மணி இருக்கும். தண்ணீர் வருது என்று ஒரே கூச்சல். எல்லோரும் தெருக்கோடி மேட்டில் இருக்கும் மூட்டைக் கிடங்குக்கு ஓடினோம். அதன் இரும்புக் கதவு பூட்டியிருந்தது, முதலாளி வெளியூர். ஜனங்கள் கதவை அடிக்கிறார்கள், தண்ணீர் படியில் ஏறுகிறது. அப்போது நீங்கள் ஓடி வந்தீர்கள். சட்டை முழுக்கச் சேறு. கையில் ஒரு கடப்பாரை. பூட்டை நெம்பி உடைத்தீர்கள். அறுபது எழுபது பேர் உள்ளே போய் மூட்டைமேல் ஏறினோம்.

முடிக்கும்போது சொன்னேன், "எங்க அண்ணன்தான் கதவைத் திறந்தாங்க."

கடைசிப் பக்கத்தின் பேனா நின்றுவிட்டது. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வக்கீல் மெதுவாக, "டீச்சர், எந்தக் கதவு?" என்று கேட்டாள்.

கிடங்குக் கதவும்மா, வேற எந்தக் கதவு என்றேன். அவள் அறிக்கையின் நகலை என் மடியில் வைத்தாள். ஏழாவது சாட்சி. அதே வாக்கியம். அதில் எந்தக் கதவு என்று இல்லை.

அப்போதுதான் எனக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து, கிடங்குப் படியில் நாங்கள் இன்னும் தங்கியிருந்தபோது, நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். அம்மா வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் குனிந்து என்னிடம், "யாரும்மா கதவைத் திறந்தது?" என்று கேட்டார். நான் அந்தக் கதவுமேல்தான் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டது மதகுக் கதவை. எனக்குத் தெரிந்தது என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை.

அண்ணா, நான் பெருமையடித்துக்கொண்டேன். என் அண்ணன்தான் எல்லோரையும் காப்பாற்றினார் என்று ஊருக்கே கேட்கட்டும் என்று, என் கீச்சுக் குரலில் கத்திச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டுபோய் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை. கடைசிப் பக்கம் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான். வக்கீல் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "டீச்சர், இதை நாடகத்துல வைக்கலாமா? உங்க சம்மதம் வேணும்" என்றாள்.

வையுங்கள் என்றேன். உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

தங்கை

*

ஜூலை 25

கீச்சு,

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். என் காதுக்காகக் கத்திப் படித்தாள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லையே என்று நீ நினைப்பாய். ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டு வருவது நீதான். ஏரிக்கரையில் தூக்குப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே வருவாய். அன்றைக்கு ஏரி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. மேலிடத்து உத்தரவு இல்லாமல் கதவைத் தொடக் கூடாது என்பது விதி. மேஸ்திரி ஊரில் இல்லை. மதகின் இரண்டாம் கதவு முனகியது. அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, உத்தரவில்லாமல் அதன் சக்கரத்தைச் சுற்றினேன். நான்கு சுற்று. கொஞ்சம் அழுத்தம் குறையட்டும் என்று. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

மூன்று மணிக்கு நான் காவல் ஷெட்டுக்குள் இருந்தபோது பெரிய சத்தம். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கதவைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, எல்லாம் சுழி. ஊருக்குச் சொல்ல ஓடி வந்தேன். சாயங்காலமே என்னை ஏரிப் பக்கம் விடவில்லை.

ஏழாவது சாட்சியை வாசித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நீ சாப்பாட்டோடு வந்து, ஷெட்டுக்குப் பின்னால் நின்று, நான் சுற்றியதைப் பார்த்துவிட்டாய். உனக்குக் காய்ச்சல், நீ வரவே இல்லை என்று யார் எனக்குச் சொன்னார்கள்? அந்த அமளியில் சாப்பாடு வராதது எனக்கு உறைக்கவே இல்லை. நீ பொய் சொல்லவில்லை, நான் சுற்றியது உண்மை. அதனால் கையெழுத்துப் போட்டேன்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அதற்கே எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் நான்கு சுற்று நான்கு சுற்றுதான். கடைத்தெருவை அழித்தது அதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடு. நாடகத்தில் என்னை நல்லவனாகக் காட்ட வேண்டாம். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 4

அண்ணா,

கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நான் ஒரு கட்சி, என்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அவள் சத்தமாகப் படித்து முடித்ததும் கடைசிப் பக்கம் எழுந்து, "நாலா? வெறும் நாலா?" என்றான். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கோபம் வந்தது. அவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

நாடகத்தில் நீங்களாக நடிப்பது அவன். எல்லாம் நிஜ நேரத்தில் நடக்க வேண்டும் என்று குழுவின் தீர்மானம். மதகுச் சக்கரத்துக்காக ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைப் படுக்க வைத்து, அதன்மேல் செங்கல் கட்டியிருக்கிறார்கள். கதவு முழுசாகத் திறக்க எத்தனை சுற்று என்று கேட்க எட்டுப் பேரும் ஒரு சனிக்கிழமை ஏரிக்கே போயிருக்கிறார்கள். இப்போது அங்கே காவலர் ஒரு பெண். தொண்ணூற்றாறு சுற்று என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கடைசிப் பக்கம் தினமும் தொண்ணூற்றாறு சுற்றிப் பார்க்கிறான். முப்பதுக்கு மேல் போனதில்லை. முப்பத்தொன்றில் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் அம்மா என்னை வந்து பார்த்து, "வரலாறுன்னா கை வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு மறுபடி ஏரிக்குப் போனார்கள். காவலர் சொன்னதை அப்படியே எழுதி வந்திருக்கிறார்கள்: "நாலு சுத்துக்கு ரெண்டு விரல்தான் ஏறும். அதுல அழுத்தம் குறையத்தான் செய்யும். அதுக்குக் கதவு போகாது. நானா இருந்தா பத்து சுத்தியிருப்பேன்."

அதோடு முடியவில்லை. அறிக்கையை எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள். ஒருத்தன் மட்டும் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தான். விசாரணை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஏரி வடிந்த பிறகு செய்த பழுது வேலைகளின் பட்டியலைப் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தீர்ப்பு எழுதியவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு வரி: 'இரண்டாம் கதவு, இற்றுப்போன மரப்பலகைகள் பெயர்ந்தன, புதிது ஆறு.' வக்கீல் அதை என் முன்னால் நீட்டி, "திறந்த கதவுக்கு எதுக்கு டீச்சர் புதுப் பலகை?" என்று கேட்டாள்.

திறந்த கதவுக்குப் பலகை எதற்கு? உடைந்த கதவுக்குத்தான் வேண்டும். அந்தக் கதவை யாரும் முழுசாகத் திறக்கவே இல்லை அண்ணா. இற்றுப்போயிருந்தது, உடைந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பள்ளிக்கூட மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டு, "லீவு வேணுமா?" என்று கேட்டார்.

நாடகம் ஆகஸ்ட் 22, சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட அரங்கில். எட்டுப் பேரும் உங்களை அழைக்கிறார்கள். அழைப்பிதழை அவர்களே எழுதினார்கள், இதோடு வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று, எல்லாம் வேறு வேறு.

தங்கை

*

ஆகஸ்ட் 11

கீச்சு,

கீழ்ப் பலகையா, மேல் பலகையா என்று அறிக்கையில் பார்த்துச் சொல். மேல் பலகை என்றால் நான் தூக்கியதில் சட்டத்தில் இடித்துப் பெயர்ந்திருக்கலாம். கீழ்ப் பலகை என்றால் தண்ணீரிலேயே கிடந்து இற்றது, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மதகும் பம்புமாக வேலை பார்த்தவன் சொல்கிறேன், இது தெரியாமல் எதையும் நம்ப மாட்டேன்.

அண்ணி பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணா,

கீழ்ப் பலகை. ஆறும் கீழ்ப் பலகை என்று பட்டியலின் அடுத்த வரியில் இருக்கிறது. நான் பார்த்தேன், வக்கீல் பார்த்தாள், கடைசிப் பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

காலை பஸ்ஸில் ஏறுங்கள்.

தங்கை

*

ஆகஸ்ட் 30

கீச்சு,

வந்து சேர்ந்தோம். மூன்றாவது மோட்டாரை நான் இல்லாத நேரத்தில் வேறொருவன் கைவைத்துக் கெடுத்து வைத்திருக்கிறான். அதைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன்.

உன் வீட்டில் நான்கு நாள் இருந்தும் நாடகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். எனக்கு வாயால் வராது. எழுதுகிறேன்.

முன் வரிசையில் உட்கார வைத்தாயே தவிர, எனக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. பரவாயில்லை. அந்தப் பையன் சக்கரத்தைப் பிடித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுப் பயந்து கையை எடுத்தான் பார், அது நான்தான். ஆனால் தோளால் சுற்றுகிறான். இடுப்பைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போய் அவனுக்கு அதைத்தான் காட்டிக்கொடுத்தேன். நாற்பத்தைந்து சுற்று சுற்றிவிட்டான். நீங்கள் எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டிருந்தபோது அங்கேதான் இருந்தேன்.

சின்னப் பெண் ஒருத்தி நீயாக வந்து, கிடங்குக் கதவில் சாய்ந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினாளே. அது எனக்குக் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன பெருமை அந்த முகத்தில். அன்றைக்கு உன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த மேஜையில் இருந்த நான்கு பேரும் தாளைத்தான் பார்த்தார்கள். நானும் உன் முகத்தை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லாமல், எந்தக் கதவு என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு விளக்கை அணைத்தது நல்ல வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடைக்காரர், அன்றைக்கு ஆறு சாட்சிகளில் ஒருவர். விளக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை.

நேற்று ஒரு வேலை செய்தேன். இத்தனை வருஷத்தில் நீ எழுதிய கடிதங்களை எல்லாம் அண்ணி ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். எடுத்து முதலிலிருந்து படித்தேன். முன்பு ஒவ்வொன்றையும் படிக்கும்போது, அந்த விஷயத்தை இவள் எங்கே சொல்லப் போகிறாள், எங்கே மழுப்புகிறாள் என்று தேடிக்கொண்டே படிப்பேன். அதனால் மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. உனக்கு வேலை கிடைத்தது, உன் பெரியவனுக்குப் பல் முளைத்தது, அப்பா கடைசி நாளில் என்னைக் கேட்டது, எல்லாவற்றையும் நேற்றுதான் ஒழுங்காகப் படித்தேன். எதிலும் நீ எதையும் மழுப்பவில்லை. எல்லாம் ஒரு தங்கை அண்ணனுக்கு எழுதியவை.

உன் கல்யாணத்துக்கு நான் வராமல் போன பிறகு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வரி. 'அண்ணா, உங்களுக்கு என்மேல் ஏதாவது கோபமா?' அதற்கு நான் பதில் போடவில்லை. பதினாறு வருஷம் ஆகிறது.

இருந்தது. இப்போது இல்லை. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

அண்ணன்